ஒட்டுக்கட்டில் வாங்கும் முன் உங்கள் கட்டிலை அளந்து பாருங்கள்

குழந்தைக்குக் கட்டில் வேண்டும் என்று பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "தேக்கா, ரப்பர் மரமா?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "உங்க கட்டில் தரையிலிருந்து எவ்வளவு உயரம்?" பெரும்பாலும் பதில் இருக்காது. வீட்டுக்குப் போன் போட்டு யாரையாவது அளக்கச் சொல்வார்கள். அங்கே டேப் அகப்படாமல் சாண் கணக்கில் ஒரு பதில் வரும். அந்தப் பதிலை வைத்து நான் கட்டில் செய்வதில்லை. நீங்களும் அப்படி வாங்காதீர்கள்.

வேலூர் சத்துவாச்சாரியில் சின்னத் தச்சுப் பட்டறை என்னுடையது. கதவு, ஜன்னல், அலமாரிதான் பிழைப்பு; குழந்தைக் கட்டில் நடுவில் வந்து சேர்ந்த வேலை. மருமகள் பச்சைக்குழந்தைகள் வார்டில் நர்ஸ். கட்டில் எப்படி இருக்கக்கூடாது என்று அவள் சொல்வாள். அது எத்தனை இஞ்ச், எத்தனை நூல் என்று நான் கணக்குப் போடுவேன் (எட்டு நூல் ஒரு இஞ்ச்). கடையில் வாங்கினாலும், ஆன்லைனில் வரவழைத்தாலும், ஊர் ஆச்சாரியிடம் சொல்லிச் செய்தாலும் கணக்கு ஒன்றுதான்.

பெட்சைடு கிரிப் என்று கடைகளில் விற்பதைத்தான் பட்டறையில் ஒட்டுக்கட்டில் என்கிறோம். மூன்று பக்கம் உயரம், தாய் படுக்கும் பக்கம் மட்டும் தணிவு. பெரிய கட்டிலோடு சேர்த்துப் பெல்ட் போட்டு இறுக்கிவிட்டால், ஆபரேஷன் செய்துகொண்டு வந்த பெண் எழுந்து நிற்காமலே கையை நீட்டிக் குழந்தையை எடுத்துப் பால் கொடுக்கலாம். குழந்தைக்குத் தனி மெத்தை, ஆனால் கைக்கெட்டும் தூரம். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் அமைப்பு 2022இல் வெளியிட்ட பரிந்துரையும் இதைத்தான் சொல்கிறது: முதல் 6 மாதமாவது குழந்தை பெற்றோர் அறையிலேயே தூங்க வேண்டும், ஆனால் அவர்கள் படுக்கும் அதே மெத்தையில் அல்ல.

பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கித்தானே நாமெல்லாம் வளர்ந்தோம் என்று கேட்பார்கள். நம் அம்மாக்கள் படுத்தது பாயில். இன்றைக்கு வீட்டில் இருப்பது எட்டு இஞ்ச் மெத்தை, இரண்டு தலையணை, ஒரு கம்பளி, நாள் முழுக்க உழைத்து அசந்து தூங்கும் ஒரு அப்பன். அப்பன் குடித்திருந்தாலோ, சிகரெட் பிடிக்கிறவராக இருந்தாலோ, யாராவது தூக்கம் தரும் மாத்திரை போட்டிருந்தாலோ, குழந்தை குறைமாதத்தில் பிறந்ததாகவோ எடை குறைந்ததாகவோ இருந்தாலோ, ஒரே மெத்தை என்ற பேச்சே கூடாது. அதைவிட மோசம், சோபாவில் சாய்ந்து பால் கொடுத்தபடியே கண்ணயர்வது.

இனி அளவு.

எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில். பெண்ணுக்குக் குடியாத்தம், மாப்பிள்ளைக்குக் காட்பாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை ஆசையாகத் தன் வீட்டுப் புதுக் கட்டிலை அளந்துகொண்டு வருவார். குழந்தையோ மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் காட்பாடிக்குப் போகும். ஒட்டுக்கட்டில் மிகவும் தேவைப்படும் நாட்கள் கழிவதெல்லாம் குடியாத்தத்தில், பெண்ணின் அப்பா கல்யாணத்துக்கு வாங்கிய பழைய கட்டிலோரம். ஆகவே முதலில் தாய்வீட்டுக் கட்டில். பிறகு மாப்பிள்ளை வீட்டுக் கட்டில். இரண்டுக்கும் ஒத்துவர வேண்டுமென்றால் கால் உயரத்தை ஏற்றி இறக்கும் வசதி உள்ளதாகப் பாருங்கள். கால் நிலையாக இருக்கும் கட்டிலென்றால் ஒரு வீட்டுக்குத்தான் பொருந்தும். பிறப்பதற்கு முன் கட்டில் வாங்கி வைக்கக்கூடாது என்று நினைக்கும் வீடுகள் இங்கே நிறைய. வாங்க வேண்டாம், அளந்து மட்டும் வையுங்கள். அளப்பதற்கு எந்தச் சாத்திரமும் தடை சொல்லவில்லை.

அளக்க வேண்டியவை மூன்று. ஒன்று, தரையிலிருந்து உங்கள் மெத்தையின் மேல்விளிம்பு வரை உயரம். இதை ஆள் இல்லாதபோது ஒரு முறை, தாய் ஓரமாகப் படுத்திருக்கும்போது ஒரு முறை எடுக்க வேண்டும். இலவம்பஞ்சு மெத்தை என்றால் ஆள் படுத்ததும் நன்றாக அமுங்கிவிடும். அமுங்கிய அளவுதான் ராத்திரி அளவு.

இரண்டு, கட்டிலுக்கு அடியில் உள்ள சந்து. கடையில் விற்கும் ஒட்டுக்கட்டில்களில் பலவற்றின் கால்கள் பெரிய கட்டிலுக்கு அடியில் நுழைந்து நிற்கும்படி அமைந்திருக்கும். இப்போது எல்லார் வீட்டிலும் அடியில் பெட்டி வைத்த கட்டில். துணிமணி, பித்தளைப் பாத்திரம், பழைய ஆல்பம் எல்லாம் உள்ளே. பலகை தரை வரை இறங்கியிருக்கும், கால் எங்கே நுழையும்? பெட்டிக்கட்டில்காரர்கள் நேரான கால் உள்ளதாகத் தேட வேண்டும், அல்லது செய்யச் சொல்ல வேண்டும்.

மூன்றாவதை யாரும் அளப்பதில்லை. நம் ஊர் மரக்கட்டிலில் மெத்தை சட்டத்துக்கு உள்ளே அடங்கி உட்காரும். சட்டத்தின் வெளிவிளிம்புக்கும் மெத்தையின் ஓரத்துக்கும் நடுவே ஒரு இஞ்ச், சில கட்டில்களில் இரண்டு இஞ்ச்கூட இருக்கும். மரத்தோடு மரம் ஒட்டிவிட்டது, பெல்ட்டும் போட்டாயிற்று என்று நினைப்போம். மேலே பார்த்தால் இரண்டு மெத்தைக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். குழந்தையின் முகம் அந்த வாய்க்காலில் இறங்கினால் அதனால் தலையைத் திருப்பிக்கொள்ள முடியாது. கழுத்துக்கு அந்த வலு வர மாதங்கள் ஆகும். அழுவதற்குக்கூட மூச்சு வேண்டும். ஆகவே சத்தம் கேட்டு எழுந்துவிடுவேன் என்று யாரும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

இதற்கு வழி, பெரிய மெத்தையை ஒட்டுக்கட்டில் பக்கமாகக் கடைசி வரை தள்ளிவிடுவது. சட்டம் மெத்தையைவிட உயரமாக நின்று தடுத்தால் அந்தக் கட்டிலோடு ஒட்டுக்கட்டில் சேராது. தனியாக நிற்கும் குழந்தைக் கட்டிலை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். இடைவெளியில் துண்டைச் சுருட்டித் திணிப்பது, தலையணை செருகுவது வேண்டவே வேண்டாம். துண்டு நகரும், மேலே வரும், குழந்தையின் மூக்குக்கு வந்து சேரும்.

பெல்ட் பற்றி ஒரு வார்த்தை. பெரிய மெத்தைக்கு அடியில் போய், எதிர்ப்பக்கச் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு வந்து பூட்டுவதுதான் பெல்ட். பக்கத்துச் சட்டத்தில் ஒரு கொக்கி மாட்டி நிறுத்துவது பெல்ட் ஆகாது. தாய் புரண்டு படுத்தால் இரண்டும் மெல்ல விலகும். ராத்திரி விளக்கணைக்கும் முன் கையால் ஒட்டுக்கட்டிலை வெளிப்பக்கம் இழுத்துப் பாருங்கள். அசைந்தால் இறுக்குங்கள். சக்கரம் வைத்த கட்டிலென்றால் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் பிரேக் இருக்க வேண்டும். பழைய வீடுகளில் கடப்பாக்கல் தரை மேடும் பள்ளமுமாக இருக்கும், அங்கே சக்கரமே வேண்டாம் என்பேன்.

தணிந்த பக்கத்துக்கும் ஒரு அளவு இருக்கிறது. சில மலிவான கட்டில்களில் அந்தப் பக்கத்தை முழுசாகக் கழற்றிவிடலாம், குழந்தையின் மெத்தையும் உங்கள் மெத்தையும் சமதளமாகிவிடும். பார்க்க அழகு, தாய்க்கும் சுலபம். ஆனால் குழந்தை புரண்டு உங்கள் பக்கம் வந்துவிடும், உங்கள் போர்வை அதன் பக்கம் போய்விடும். ஐரோப்பாவில் 2019இல் வந்த தர விதிப்படி, தணிந்த பக்கமும் குழந்தையின் மெத்தையைவிட 12 சென்டிமீட்டராவது உயர்ந்து நிற்க வேண்டும். நம் கணக்கில் நாலே முக்கால் இஞ்ச். அந்தத் தணிந்த சட்டத்தின் மேல்விளிம்பு உங்கள் மெத்தையின் மேல்விளிம்போடு ஒரே மட்டமாக வர வேண்டும். ஆகக் குழந்தை உங்களைவிடச் சற்றுத் தாழ்வாகத்தான் படுத்திருக்கும், அதுதான் சரி.

கட்டிலின் மற்ற பக்கங்களுக்கு வருவோம். குச்சிக்கும் குச்சிக்கும் இடைவெளி அமெரிக்க விதியில் இரண்டு இஞ்ச் மூன்று நூலுக்கு மேல் போகக்கூடாது, சென்டிமீட்டரில் 6. கைக்குழந்தைக்குத் தலைதான் பெரிது, இடுப்பு சிறிது. காலும் இடுப்பும் சந்தில் நழுவி வெளியே வந்துவிடும், தலை மாட்டிக்கொண்டு உடம்பு தொங்கும். சீக்கிரம் சோதிக்க வேண்டுமென்றால் தெருப்பையன்கள் கிரிக்கெட் ஆடும் டென்னிஸ் பந்தை எடுத்துப் போங்கள். அதன் குறுக்களவு சுமார் ஆறரை சென்டிமீட்டர். பந்து நுழைந்தால் அந்தக் கட்டிலைப் பார்க்கவே வேண்டாம். நுழையாவிட்டாலும் நம்பிவிடாமல் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து 6 சென்டிமீட்டர்தானா என்று பாருங்கள். குச்சியை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கவும் வேண்டும். சுழன்றால் அது பசையில் மட்டும் நிற்கிறது என்று அர்த்தம்.

வலை வைத்த கட்டிலென்றால் கண்ணி 2 நூலுக்குக் குறைவாக இருக்கட்டும். சட்டைப் பொத்தானோ விரலோ மாட்டும் வலை ஆகாது.

மூலைக்கால்களின் தலையில் குமிழ் வைக்கச் சொல்லாத பாட்டி கிடையாது. தாமரை மொட்டு, கலசம், அன்னம். கடைசல் வேலைக்காரனுக்கு அது பெருமையான வேலைதான். ஆனால் மூலை மேல்சட்டத்தைவிட அரை நூலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. குழந்தையின் சட்டையோ கழுத்துக் கயிறோ அதில் சிக்கினால் போச்சு. அதேபோல் தலைப்பலகையில் யானை, முயல் என்று வெட்டி எடுத்த ஓட்டைகளும் வேண்டாம். யானை வேண்டுமானால் பெயிண்ட்டில் வரைந்து கொடுக்கிறேன் என்பேன்.

ஒரு பக்கம் முழுசாக மேலும் கீழும் சறுக்கும் பழைய மாதிரிக் கட்டில் இன்னும் நம் ஊரில் செய்கிறார்கள், விற்கவும் விற்கிறார்கள். அமெரிக்காவில் அதை 2011 ஜூனிலிருந்து செய்யவும் விற்கவும் தடை. காரணம் தச்சனுக்குப் புரியும். அந்தப் பக்கத்தைத் தாங்குவது நாலு சின்னக் கொக்கிகள். ஏற்றி இறக்கியே அவை தேயும். ஒரு மூலை மட்டும் கழன்றால் சட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவில் ஆப்பு வடிவத்தில் ஒரு சந்து திறக்கும். ஜிப் போட்டுத் துணிப்பக்கத்தை மடக்கும் ஒட்டுக்கட்டில் இந்த வகையில் சேராது. ஆனால் அதன் ஜிப்பையும் லாக்கையும் கடையிலேயே பலமுறை திறந்து மூடிப் பாருங்கள். முரண்டு பிடிக்கும் ஜிப் வீட்டுக்கு வந்து திருந்தாது.

மரம் எதுவானாலும் சரி. வேம்பு, பூவரசு, தேக்கு, ரப்பர் மரம் எல்லாமே குழந்தையைத் தாங்கும். காய்ந்திருக்க வேண்டும், உப்புத்தாள் போட்டுச் சிராய் இல்லாமல் தேய்த்திருக்க வேண்டும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையில்தான் எனக்கு மனத்தாங்கல். கழற்றி மாட்டக் கழற்றி மாட்ட ஸ்க்ரூ துளை தளர்ந்துவிடும். நம் கட்டிலோ குடியாத்தத்தில் ஒரு முறை, காட்பாடியில் ஒரு முறை பூட்டப்போகிறது. பிறகு கொழுந்தியாள் வீட்டுக்கும் போகும். இரும்பு மரை பதித்து ஆலன் போல்ட் போட்டதாக வாங்கினால் தளராது. கட்டிலின் அடி, தொய்யும் துணியாகவோ நாடாவாகவோ இருக்கக்கூடாது. நான் போடுவது 12 எம்எம் பிளைவுட், காற்றுக்குத் துளை போட்டு.

பெயிண்ட்டில் ஈயம் பற்றி அரசு 2016இல் விதி போட்டது. 2017 நவம்பரிலிருந்து வீட்டு உபயோகப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. பல் முளைக்கும் குழந்தை முதலில் கடிப்பது மேல்சட்டத்தைத்தான். ஆகவே 2017 நவம்பருக்கு முன் பெயிண்ட் அடித்த கட்டில், அதிலும் பளபளக்கும் மஞ்சளும் சிவப்பும் பூசியது வீட்டில் இருந்தால், அதை உரித்துப் புதுசாக அடித்துக்கொள்ளலாம் என்று இறங்காதீர்கள். தேய்க்கும்போது பறக்கும் தூசு பெயிண்ட்டைவிடக் கெடுதல். மெருகு பூசிய புதுக்கட்டிலையும் வாசனை போகும் வரை காற்றாட வைத்துவிட்டுத்தான் குழந்தையைப் போட வேண்டும்.

மெத்தைக்கு வந்தால்தான் வீட்டில் சண்டையே.

கடைக்காரர் கொடுக்கும் மெத்தை ஒன்றரை இஞ்ச் கனம் இருக்கும். அதைப் பார்த்ததும் ஆயா சொல்வார்: "இன்னா ஆச்சாரி, இவ்ளோ மெலிசா கீது மெத்த? கொயந்த முதுகு நோவாதா?" நோகாது ஆயா. துணிச்சுவர் வைத்த கட்டிலில் மெத்தை ஒன்றரை இஞ்சுக்கு மேல் போகக்கூடாது என்பதே அமெரிக்க விதி. கனமான மெத்தை போட்டால் பக்கங்களின் உயரம் குறையும், ஓரத்தில் துணிச்சுவரைத் தள்ளிக்கொண்டு ஒரு பள்ளம் விழும். கட்டிலோடு வந்த மெத்தையின் மேல் இன்னொரு மெத்தை, அதன் மேல் ஒரு கம்பளி என்று அடுக்கவே கூடாது.

கையை வைத்து அழுத்திப் பாருங்கள். எடுத்த உடனே மேலே எழும்பி வர வேண்டும், கையின் தடம் நிற்கக்கூடாது. மெமரி ஃபோம் என்று விற்பதன் பெருமையே தடம் நிற்பதுதான். பெரியவர்களின் முதுகுவலிக்கு அதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், குழந்தைக்கு ஆகாது. முகம் பதிந்த குழியில் விட்ட மூச்சே திரும்பத் திரும்ப உள்ளே போகும். நல்ல காற்று வேண்டும் என்று எழுப்பிவிடும் உணர்வு சில குழந்தைகளுக்கு வேலை செய்யாது. பச்சைக்குழந்தைகள் தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறந்துபோவதற்கு மருத்துவர்கள் சொல்லும் விளக்கங்களில் இதுவும் ஒன்று.

கை சொல்வது ஆளுக்கு ஆள் மாறும். எனக்குக் கெட்டி, உனக்கு மெத்து. ஆஸ்திரேலியாவில் சொல்லித் தரும் ஒரு சோதனை இருக்கிறது, தச்சனுக்குப் பிடித்த மாதிரியானது. 12 சிடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மெத்தையில் அடுக்க வேண்டும். அதன் மேல் ஒரு லிட்டர் பால் அட்டைப்பெட்டிகள் இரண்டை, ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைக்க வேண்டும். பெட்டியின் ஒரு ஓரம் சிடி அடுக்குக்கு வெளியே 4 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கட்டும். நீட்டிய ஓரம் மெத்தையைத் தொட்டால் மெத்தை மிருது, வேண்டாம். தொடாமல் நின்றால் கெட்டி. இன்றைக்குச் சிடி யார் வீட்டில் இருக்கிறது? அதே அகலத்தில், ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் மரவட்டு ஒன்று கடைந்து பட்டறையில் வைத்திருக்கிறேன். பாலுக்குப் பதில் ஜூஸ் பெட்டியும் ஆகும். கடைக்காரர் ஒருமாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

ஃபோம் கடையில் போய் நின்றால் "32 டென்சிட்டி, 40 டென்சிட்டி" என்று எண்ணைச் சொல்லி மயக்குவார்கள். டென்சிட்டி என்பது ஒரு கனமீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்கிற கணக்கு. அது அதிகமாக இருந்தால் சீக்கிரம் அமுங்கிப் போகாமல் உழைக்கும், அவ்வளவுதான். கெட்டித்தன்மை வேறு. 40இலும் மெத்தென்று இருப்பது உண்டு, 32இலும் கெட்டியாக வருவது உண்டு. எண்ணைக் கேட்டுவிட்டு, கையையும் மரவட்டையும் நம்புங்கள். ரீபாண்டட் என்று துண்டு ஃபோம்களை ஒட்டி அழுத்திச் செய்வதும் கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும். பச்சைக்குழந்தைக்கு அதை வாங்க எனக்கு மனம் வராது. தென்னைநார் மெத்தை கெட்டி, காற்றோட்டமும் நன்று, விளிம்பு உதிராமல் உறை தைத்திருந்தால் சரி.

இலவம்பஞ்சும் பருத்திப்பஞ்சும் நம் ஊர்ப் பெருமை. பழைய பஞ்சை அடித்துத் தைத்துக் கொடுக்கிறவர் தெருவில் போனால், பேரன் மெத்தைக்கு ஒரு உறையை நீட்டுவார் ஆயா. இலவம்பஞ்சு பஞ்சாகவே இருக்கும், அதுதான் அதன் குறை: முகம் புதையும். பருத்திப்பஞ்சு சில மாதத்தில் கட்டி தட்டி மேடுபள்ளம் ஆகும். பெரியவர்கள் படுக்கட்டும்.

மெத்தையைக் கட்டிலில் வைத்து ஒரு பக்கமாகத் தள்ளுங்கள். எதிர்ப்பக்கம் சட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தால் மெத்தை சிறிது. உள்ளளவைக் கட்டில் வந்த பிறகு எடுத்து ஃபோம் கடையில் கொடுங்கள், பெட்டியில் அச்சடித்ததை நம்பிக் கொடுக்காதீர்கள். விரிப்பு, நாலு பக்கமும் எலாஸ்டிக் வைத்து மெத்தைக்குக் கீழே வரை மடங்குவதாக இருக்கட்டும். ஈரத்துக்கு ரப்பர் ஷீட் போடுவதென்றால் அது விரிப்புக்கு அடியில், சுருக்கம் இல்லாமல். மெத்தையில் ஒட்டி வரும் பாலிதீன் கவரைக் கிழித்து எறிந்துவிடுங்கள். அழுக்காகாமல் இருக்கட்டும் என்று வைத்திருக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

கட்டிலும் மெத்தையும் வந்தாயிற்று. இனி உள்ளே என்ன போடலாம்? விரிப்பும் குழந்தையும். வேறு ஒன்றும் இல்லை. ஓரத்தில் கட்டும் மெத்தைத் தடுப்பு, பஞ்சு பொம்மை, குட்டித் தலையணை, உருளைத் தலையணை, பூப்போட்ட ரஜாய் எல்லாம் போட்டோவுக்கு. ஓரத்தில் கட்டும் தடுப்பையும், 10 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கும் குழந்தைப் படுக்கையையும் அமெரிக்காவில் 2022இல் சட்டம் போட்டே தடுத்தார்கள். சாய்வில் குழந்தையின் தலை முன்னால் கவிழும், தாடை நெஞ்சில் இடித்து மூச்சுக்குழாய் மடங்கும்.

கடுகுத் தலையணை பற்றித் தனியாகக் கேட்பார்கள், தலை உருண்டையாக வர வேண்டுமாம். தூங்கும்போது அதுவும் கூடாது என்கிறாள் மருமகள். விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்கையில், கொஞ்சநேரம் குப்புறப் போட்டு விளையாடவிட்டால் தலைக்கும் நல்லது, கழுத்துக்கும் நல்லது. தூங்குவது மட்டும் மல்லாக்க. "பால் கக்கினா பொறை ஏறாதா?" என்று பயப்படுவார்கள். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் விழுவது கடினம். குப்புறப் படுத்தால்தான் இது தலைகீழாகும். அமெரிக்காவில் 1994இலிருந்து மல்லாக்கத் தூங்கவையுங்கள் என்று ஊர் ஊராகச் சொன்ன பிறகு அந்தத் தூக்க மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின.

கழுத்தில் கட்டிய கயிறு, வசம்பு கோத்த நூல் எதுவானாலும் தூங்கவைக்கும்போது கழற்றிவிடுங்கள். கட்டில் பக்கத்தில் ஜன்னல் திரையின் நாடா, போன் சார்ஜர் வயர் கைக்கெட்டும்படி தொங்கக்கூடாது.

புடவையில் கட்டும் ஏணை விஷயத்தில் நான் நடுவில் மாட்டிக்கொண்டவன். மருமகள் வேண்டவே வேண்டாம் என்கிறாள். என் வீட்டுக்காரி, ஏணை கட்டாத வீட்டில் குழந்தை இருக்கிறதா என்கிறாள். புடவைத் துணி தொய்வதால் குழந்தை உள்ளே வளைந்து சுருண்டு படுக்கும், அதே தாடை நெஞ்சில் இடிக்கும் கதைதான். கடைசியில் வீட்டில் ஒத்துக்கொண்டது இது: பகலில், பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்து ஆட்டலாம், கண் சொக்கியதும் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட வேண்டும். ராத்திரி ஏணை இல்லை. தாய்மாமன் சீராகக் கொண்டுவரும் ஸ்டீல் தொட்டிலுக்கும் இதையே சொல்வேன். அதன் ஆட்டத்தை நிறுத்தும் பின் இறுக்கமாகப் பூட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் குழந்தைக்கு வீட்டுக்குள் குல்லாவும் சாக்ஸும் மாட்டி, அதன் மேல் டவலைச் சுற்றித் தூங்கவைக்கிறார்கள். அதிகச் சூடும் தூக்க மரணத்துக்கு ஒரு காரணம். ஒரு பருத்திச் சட்டை போதும், மின்விசிறி ஓடட்டும். பிடரியில் கை வைத்துப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். துணியில் சுற்றிப் படுக்கவைக்கும் வழக்கத்தைக் குழந்தை புரளப் பார்த்த அன்றே விட்டுவிட வேண்டும்.

கொசுவலை கட்டாயம், டெங்கு இருக்கும் ஊர். குடை மாதிரி விரியும் குட்டி வலை ஒட்டுக்கட்டிலுக்குச் சரிப்படாது, தணிந்த பக்கத்தில் மடங்கிக் குழந்தையின் மேல் விழும். சுவரில் நாலு ஆணி அடித்து, பெரிய கட்டிலையும் ஒட்டுக்கட்டிலையும் சேர்த்து ஒரே வலையாகக் கட்டிவிடுங்கள். தொங்கும் பகுதியைப் பெரிய கட்டில் பக்கம் மெத்தைக்கு அடியில் செருகி, குழந்தையின் பக்கம் கட்டிலுக்கு வெளியே தரை வரை விட்டுவிடலாம். கொசுவர்த்தியும் சாம்பிராணிப் புகையும் அந்த அறைக்குள் வேண்டாம்.

இன்னொரு வீட்டிலிருந்து வரும் கட்டிலை வாங்கினால் ஒரு ஸ்க்ரூ குறைந்தாலும் கடையில் கிடைத்ததைப் போட்டு ஒப்பேற்றாதீர்கள். மூலை இணைப்புகளில் டார்ச் அடித்து மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். மெத்தையைப் புதுசாகவே வாங்குங்கள்.

எதுவும் வாங்க வசதியில்லை என்றாலும் வழி இருக்கிறது. பெரிய கட்டிலை ஓரம் கட்டிவிட்டு அம்மாவும் தரைக்கு வந்துவிடலாம். குழந்தைக்குத் தனியாக ஒரு வந்தவாசிக் கோரைப்பாய், அதன் மேல் கெட்டியான மெல்லிய விரிப்பு, சுருக்கமில்லாமல் அடியில் மடித்தது. அம்மாவுக்கு ஒரு கை தூரம் தள்ளி வேறு பாய். தலையணையும் போர்வையும் அம்மாவின் பாயோடு நிற்க வேண்டும். எலி, பூரான் நடமாட்டம் உள்ள வீடென்றால் மட்டும் தரை வேண்டாம்.

ஒட்டுக்கட்டிலை எப்போது நிறுத்துவது? அதோடு வந்த தாளில் ஒரு எடை போட்டிருப்பார்கள், 9 கிலோ என்று போடுவது வழக்கம். ஆனால் எடை வரும் வரை காத்திருக்க முடியாது. குழந்தை கையை ஊன்றி எழும்ப ஆரம்பித்தால், முட்டி போடப் பார்த்தால், அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். ஐந்து, ஆறு மாதத்தில் அது வந்துவிடும். ஐந்தாம் மாதத்தில் காட்பாடிக்குப் போவதென்றால் அந்த நாளும் ஏறக்குறைய அதுதான் என்பதால், மாப்பிள்ளை வீட்டில் ஒட்டுக்கட்டிலைப் பூட்டாமல் நேராகப் பெரிய குழந்தைக் கட்டிலுக்கு மாறுவதும் கணக்குக்குச் சரி. அந்தக் கட்டிலில் மெத்தைப் பலகையை அடிமட்டத்துக்கு இறக்கினால், பலகையிலிருந்து மேல்சட்டம் வரை இரண்டடியாவது இருக்க வேண்டும்.

கழற்றும்போது போல்ட், ஆலன் கீ, பெல்ட், அந்தத் தாள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அடிப்பலகையில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். அடுத்துக் கேட்கப்போவது உங்கள் கொழுந்தியாளாக இருக்கும். பையோடு சேர்த்து, அவர் வீட்டுக் கட்டில் எவ்வளவு உயரம் என்றும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.